யூலியஸ் சீசர்: துரோகத்தின் அரசியலும் துன்பியலின் வரலாற்றடிப்படையும்

பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்க்குச் சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’ முற்றிலும் புதிய நூலன்று. சீசரின் பிணத்தருகே நின்று அன்ரனி ஆற்றும் உரையைப் பாடசாலை மேடையில் மனனஞ்செய்து ஒப்புவித்தோர் எம்மிடையே பலர் உளர். எனினும், அவ்வுரையை அறிந்தோர் யாவரும் அந்நாடகத்தை அறிந்தோராகார். நாடகத்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்டுப் பேச்சுத்திறனுக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்படும்போது, அவ்வுரை யாரை நோக்கி, எந்நிலையில், எதன் பொருட்டு ஆற்றப்பட்டது என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. எஞ்சுவது எளியதொரு நீதிக்கதையே. நண்பனை நம்பிய பெருவீரன் அந்நண்பனாலேயே கொலையுண்டான்; துரோகிகள் ஈற்றில் அழிந்தனர் என்பதே அக்கதை.

இத்தகைய வாசிப்பு நெடுங்காலமாக இருந்து வருவது. இத்தாலியக் கவிஞரான தாந்தே, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய தமது காவியத்தில், நரகத்தின் அடித்தளத்தில் யூதாசோடு புரூட்டசையும் கசியசையும் ஒருங்கே வைத்தார். அதற்கு நேர்மாறாக, பிரெஞ்சுப் புரட்சியின்போது புரூட்டஸ் என்னும் பெயர் குடியரசுப் பற்றின் சின்னமாகப் போற்றப்பட்டது. ஒரே செயல் ஒரு காலத்தில் மன்னிக்கவொண்ணாத துரோகமாகவும் பிறிதொரு காலத்தில் உயர்ந்த அறமாகவும் கொள்ளப்பட்டதெனின், துரோகம் என்பது தனிமனித ஒழுக்கத்தை மட்டும் அளவுகோலாகக்கொண்டு விளங்கிக்கொள்ளத்தக்க பொருளன்று என்பது தெளிவு. யார் யாருக்குத் துரோகம் செய்தனர்? எந்தச் சமூகப் பிரிவின் நலன் கருதி அதனைச் செய்தனர்? இவ்வினாக்களை முன்வைத்து நாடகத்தை மாணவர்க்கு அறிமுகஞ்செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நாடகத்தினுள் நுழையுமுன் அதன் கதைப்பொருளாயமைந்த உரோம வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம். சீசரின் கொலை கி.மு. 44 மார்ச் 15இல் நிகழ்ந்தது. ஆயின் அதற்கு இட்டுச்சென்ற நெருக்கடி அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. உரோமின் தொடர்ச்சியான படையெடுப்புகள் பெருந்தொகையான அடிமைகளை இத்தாலிக்குக் கொணர்ந்தன. அடிமையுழைப்பைக்கொண்டு நடத்தப்பட்ட பெருநிலப் பண்ணைகள் விரிவடைய, போர்க்களங்களில் ஆண்டுக்கணக்காகச் சேவைசெய்த சிறு விவசாயி தன் நிலத்தை இழந்து நகருக்குப் பெயர்ந்தான். இந்நிலைமையைச் சீர்செய்ய முயன்று, பொதுநிலத்தைப் பங்கிடச் சட்டங்கொணர்ந்த ரைபீரியஸ் கிராக்கஸ் கி.மு. 133இல் செனற்சபையினரால் அடித்துக் கொல்லப்பட்டான். அவன் தம்பி காயஸ் கி.மு. 121இல் அவ்வாறே அழிந்தான். கி.மு. 73 முதல் 71 வரை நிகழ்ந்த ஸ்பாட்டகசின் அடிமைப் போராட்டம் நசுக்கப்பட்டபோது, ஆறாயிரம் அடிமைகள் அப்பியன் பெருவீதியில் சிலுவையில் அறையப்பட்டனர்.

குடியரசு என வழங்கப்பட்ட அமைப்பின் உண்மை இயல்பை இந்நிகழ்ச்சிகள் புலப்படுத்துகின்றன. நிலவுடைமையும் குலப்பெருமையும் கொண்ட சில குடும்பங்களின் ஆட்சியே ‘சுதந்திரம்’ என்னும் பெயரால் வழங்கிற்று. நிலமிழந்தோர் படையிற் சேர்ந்து, தமக்கு நிலமும் கொள்ளைப் பொருளும் அளிக்கவல்ல தளபதியிடம் விசுவாசம் கொண்டனர். சீசர் அத்தகைய தளபதிகளுள் ஒருவன். அவனை மக்கள் தலைவன் எனக் கொள்வதும் பொருந்தாது. எண்பதினாயிரம் குடிமக்களைக் கடல்கடந்த குடியேற்றங்களில் அமர்த்திய அவனே, இலவசத் தானியம் பெறுவோரின் தொகையை 320,000இலிருந்து 150,000ஆகக் குறைத்தான் எனச் சூவற்றோனியஸ் கூறுகிறார். செனற்சபையின் பழைய ஆட்சிக்குழுவால் நடத்தவியலாதுபோன பேரரசை ஒருவனின் ஆட்சியால் நடத்த முனைந்தவனே சீசர்.

அவனைக் கொல்லச் சூழ்ந்தோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். அவருட் பலர் அவனால் மன்னிக்கப்பட்டோர். வேறு பலர் அவனால் பதவி பெற்றோர். புரூட்டசும் கசியசும் அவ்வாண்டில் பிரேற்றர் பதவி வகித்தனர். கொலை நிகழ்ந்த இரண்டாம் நாளில் செனற்சபை கூடி, கொலைஞர்க்கு மன்னிப்பளித்த அதேவேளை, சீசரின் ஆணைகள் யாவும் செல்லுபடியாகும் எனவும் தீர்மானித்தது. கொடுங்கோலன் எனக் கொல்லப்பட்டவனின் நியமனங்கள் இரத்தாயின் கொன்றவர்தம் பதவிகளும் பறிபோகும் என்பதே இதன் உட்பொருள். குடியரசைக் காப்பதாகக் கூறியோரின் கொள்கையுறுதி எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2

இனி, நாடகம் எழுந்த காலத்தை நோக்குவோம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த தோமஸ் பிளாற்றர் என்னும் பிரயாணி, 1599 செப்ரெம்பர் 21இல் தேம்ஸ் நதியின் மறுகரையிலே கூரை வேய்ந்த அரங்கொன்றில், ஏறத்தாழப் பதினைந்து நடிகர் நடித்த சீசர் நாடகத்தைக் கண்டதாக எழுதியுள்ளார். அவ்வரங்கு அவ்வாண்டு கட்டப்பட்ட குளோப் அரங்காகவும், அந்நாடகம் சேக்ஸ்பியரின் நாடகமாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளரின் பொதுவான கருத்து. நாடகம் அச்சேறியதோ ஆசிரியர் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1623இல் வெளியான பெருந்தொகுப்பிலாகும்.

1599இல் எலிசபெத் அரசிக்கு வயது 66. அவருக்குப் பிள்ளையில்லை, அடுத்த ஆட்சியாளர் யாரெனப் பகிரங்கமாகப் பேசுதலும் குற்றமாயிருந்தது. 1594 முதல் தொடர்ந்த விளைச்சற் சீர்கேட்டினால் தானிய விலை உயர்ந்து வறியோர் வாடினர். 1595இல் இலண்டன் தொழில் பயிலுநர் விலையேற்றத்தை எதிர்த்துக் கலகஞ்செய்தபோது அவருள் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய பதற்றத்திடையே, 1599 யூன் மாதத்தில், அங்கத நூல்களைத் தடைசெய்தும், இங்கிலாந்தின் வரலாறு பற்றிய நூல்களை அரசவைக் குழுவின் அனுமதியின்றி அச்சிடலாகாதெனவும் சமய அதிகாரிகள் ஆணையிட்டனர். தன் நாட்டின் மன்னரைப்பற்றி எழுதுதல் இடர் மிகுந்ததாகிய ஒரு காலகட்டத்திற் சேக்ஸ்பியர் உரோம வரலாற்றை நாடியமை தற்செயலெனத் தோன்றவில்லை. புளூட்டாக் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைத் தோமஸ் நோர்த் 1579இல் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். அந்நூலே நாடகத்தின் மூலம்.

அரங்குக்கும் அரசியலுக்குமிருந்த தொடர்பை அடுத்து வந்த நிகழ்ச்சியொன்று மெய்ப்பித்தது. எசெக்ஸ் பிரபு 1601 பெப்ரவரி 8இல் அரசிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தான். அதற்கு முதல்நாள் அவன் ஆதரவாளர், மன்னன் முடியிழக்கும் ‘இரண்டாம் ரிச்சாட்’ நாடகத்தை நடிக்குமாறு சேக்ஸ்பியரின் குழுவினர்க்கு நாற்பது சிலிங் மேலதிகமாகக் கொடுத்தனர். கிளர்ச்சிக்கு இலண்டன் மக்களின் ஆதரவு கிட்டவில்லை. எசெக்ஸ் சிரச்சேதம் செய்யப்பட்டான். மக்களின் வேட்கையோடு தொடர்பற்ற பிரபுக்களின் சதி எவ்வாறு முடியும் என்பதைச் சேக்ஸ்பியரின் உரோம நாடகம் ஓராண்டுக்கு முன்பே காட்டிவிட்டது எனலாம்.

3

நாடகத்தின் முதற்காட்சி சீசரோடும் தொடங்கவில்லை, புரூட்டசோடும் தொடங்கவில்லை. தச்சனொருவனும் சப்பாத்துத் தைப்போன் ஒருவனும் மேடையிலே தோன்றுகின்றனர். வேலைநாளிற் கருவிகளின்றி வீதியிற் திரிவதேன் என மக்கட் பிரதிநிதிகளான திரிபியூன்கள் இருவர் அவர்களை அதட்டுகின்றனர். ஒரு பென்னி கொடுத்து அரங்கின் தரையில் நின்று நாடகம் பார்த்தோர் எத்தகையோர் என்பதை நினைவிற்கொண்டால் இக்காட்சியின் கூர்மை புலனாகும். பயிலுநரையும் வேலையாட்களையும் நாடகங்கள் தொழிலினின்றும் ஈர்த்துச் செல்கின்றன என இலண்டன் நகர அதிகாரிகள் 1597இல் முறையிட்டிருந்தனர். மேடையில் அதட்டப்பட்டவர்கள் தரையில் நின்றவர்களின் சாயலினரே.

இக்காட்சியின் மொழியும் கவனத்துக்குரியது. அழுத்தமற்ற அசையும் அழுத்தமுற்ற அசையுமாக ஐந்து இணைகள் அமைந்த, இயைபுத்தொடையற்ற அடியே நாடகத்தின் பொது யாப்பு. திரிபியூன்கள் அந்த யாப்பிற் பேச, சப்பாத்துத் தைப்போன் உரைநடையிற் பேசுகிறான். உயர்குடியினர்க்குச் செய்யுள், உழைப்போர்க்கு உரைநடை என்பது அக்கால மரபு. ஆயின் சிலேடையால் அதிகாரியைத் திணறடிப்பவன் உரைநடை பேசும் தொழிலாளியே. வீதியில் மக்களை நடத்திச்செல்வதேன் என்ற வினாவுக்கு, அவர்தம் சப்பாத்துத் தேய்ந்தாலன்றோ தனக்கு வேலை கிடைக்கும் என்னும் கருத்துப்பட அவன் மறுமொழி தருகிறான். நகைச்சுவையாகத் தோன்றும் இவ்விடையில், பெரியோரின் வெற்றி விழாக்கள் எளியோனுக்கு எதனைத் தருகின்றன என்னும் உண்மை அடங்கியுள்ளது. மக்களைக் காப்பதற்கென ஏற்பட்ட பதவியினரே மக்களை உணர்வற்ற கற்களென ஏசுவதும் மனங்கொள்ளத்தக்கது.

செய்யுள், உரைநடை என்னும் வேறுபாடு மூன்றாம் அங்கத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. கொலையின்பின் புரூட்டஸ் மக்கள் முன் உரைநடையிற் பேசுகிறான். சமன்செய்து அடுக்கப்பட்ட வாக்கியங்களால் அறிவுக்கு விண்ணப்பிக்கும் உரை அது. அடிமைகளாய் இருக்க விரும்புவோர் எவருமுளரோ என அவன் கேட்கிறான். உணவு, நிலம், கடன் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவனுரை முடிந்ததும் கூட்டத்திலிருந்து எழும் குரல், புரூட்டசையே சீசராக்குதல் வேண்டும் என்பதாகும். நாடகத்தின் உயிர்நாடியான இடம் இதுவென நாம் கருதுகிறோம். ஒருவனாட்சியை ஒழித்தவனுக்கு மக்கள் அளிக்க முன்வரும் பரிசு அவ்வொருவனாட்சியே. குடியரசு என்னும் கருத்து மக்களின் வாழ்வனுபவத்தில் வேரற்றுப்போயிற்று என்பதை நீண்ட விளக்கவுரை எதுவுமின்றி ஒற்றைக் குரலால் ஆசிரியர் உணர்த்திவிடுகிறார்.

பின்னர் வரும் அன்ரனி செய்யுளிற் பேசுகிறான். மக்களின் உணர்ச்சியைத் தூண்டிவிட்டு ஒதுங்கும் வஞ்சகம் அவ்வுரையில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் வெற்றிக்குச் சொல்லாற்றல் மட்டும் காரணமன்று. சீசரின் மரணசாசனத்தை அவன் காட்டுகிறான். ஒவ்வொரு குடிமகனுக்கும் எழுபத்தைந்து திராக்மா. ஆற்றங்கரைப் பூங்காக்கள் பொதுவுடைமை. புரூட்டஸ் சொல்லை மட்டும் தந்தான். அன்ரனி பொருளையும் காட்டினான். மக்கட் கூட்டம் நிலையற்றது, அறிவற்றது என்பதற்கு இக்காட்சியைச் சான்றுகாட்டும் திறனாய்வாளர் இந்த வேறுபாட்டைக் கணக்கிலெடுப்பதில்லை. சேக்ஸ்பியர் சனநாயகவாதியல்லர், திரண்டெழும் மக்களைக் குறித்து அவர்க்கு அச்சமிருந்தது. பெயரொற்றுமை காரணமாகச் சின்னா என்னும் கவிஞன் கூட்டத்தாற் கிழித்தெறியப்படும் காட்சி அவ்வச்சத்தின் வெளிப்பாடே. ஆயின் தமது அச்சத்துக்கும் மேலாக, தாம் கண்ட உண்மையைப் பதிவுசெய்தமையே அவர்தம் பெருமையாகும்.

4

துரோகம் என்னும் பொருளின் மையம் சீசரின் கொலைக் காட்சியிலன்றி, பெரும்பாலும் விரைந்து கடந்துசெல்லப்படும் நான்காம் அங்கத்து முதற்காட்சியிலேயே உள்ளது என்பது எமது கருத்து. அன்ரனி, ஒக்ரேவியஸ், லெப்பிடஸ் ஆகிய மூவரும் மேசையைச் சுற்றியமர்ந்து, கொல்லப்படவேண்டியோரின் பெயர்களைக் குறியிடுகின்றனர். லெப்பிடஸ் தன் சகோதரனின் உயிரை விட்டுக்கொடுக்கிறான். அன்ரனி தன் மருமகனின் உயிரை விட்டுக்கொடுக்கிறான். இவற்றினும் கொடியது அடுத்து வருவது. சீசரின் மரணசாசனத்தைக் கொண்டுவருமாறு அன்ரனி பணிக்கிறான். அதிற் கூறப்பட்ட கொடைகளை எவ்வாறு குறைக்கலாம் என ஆராய்வதே நோக்கம். எந்தச் சாசனத்தைக் காட்டி மக்களைத் தெருவுக்கு இறக்கினானோ, அதே சாசனத்திலிருந்து மக்களின் பங்கை வெட்ட அவன் முனைகிறான்.

நண்பனுக்குச் செய்த துரோகம் இருபத்துமூன்று காயங்களோடு முடிந்தது. மக்களுக்குச் செய்த துரோகமோ இரத்தமின்றி, இரண்டொரு வரிகளில், கணக்குப் பார்க்கும் தொனியிலே நிகழ்கிறது. வரலாற்றிலும் அம்மூவரின் கொலைப்பட்டியலுக்குப் பழிவாங்கல் மட்டும் காரணமன்று. படைகளுக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது; பட்டியலில் இடம்பெற்றோரின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஏறத்தாழ முந்நூறு செனற்றர்களும் இரண்டாயிரம் குதிரைவீர வகுப்பினரும் அதில் அடங்கினர் என அப்பியன் கூறுகிறார். சிசரோ கி.மு. 43 டிசெம்பர் 7இல் கொல்லப்பட்டான்.

5

எதிர்த் தரப்பின் நிலை இதனினும் தூயதன்று. சார்டிசில் நிகழும் சச்சரவுக் காட்சியில், உழவரின் காய்த்த கைகளிலிருந்து காசு பறிக்கத் தன்னால் இயலாதெனப் புரூட்டஸ் பெருமிதத்தோடு கூறுகிறான். அதே மூச்சில், தன் படைக்குக் கூலிகொடுக்கக் கசியஸ் பொன் அனுப்பவில்லை எனவும் குறைகூறுகிறான். கசியசின் பொன் எவ்வழி வந்தது என்பதை அறிந்துகொண்டே அதிற் பங்கு கேட்கும் இத்தூய்மை எத்தகையது? இவ்விடத்து வரலாற்றுச் செய்தியொன்று துணைபுரிகிறது. கி.மு. 51இல் சிலீசியாவின் ஆளுநனாகச் சென்ற சிசரோவின் கடிதங்கள், சைப்பிரஸ் தீவிலுள்ள சலாமிஸ் நகரத்தார்க்கு நூற்றுக்கு நாற்பத்தெட்டு வீத வட்டிக்குக் கடன் கொடுத்தவன் இதே புரூட்டஸ்தான் என்பதை வெளிப்படுத்துகின்றன. அவனுடைய முகவன் குதிரைப்படை கொண்டு அந்நகரத்து அவையினரை மண்டபத்தில் அடைத்துவைக்க, ஐவர் பட்டினியால் இறந்தனர். இச்செய்தியைச் சேக்ஸ்பியர் பயன்படுத்தவில்லை. ஆயினும் பாத்திரத்தின் அகமுரண்பாட்டைக் கூர்ந்து நோக்கியதன் வாயிலாக அவ்வுண்மையின் வாயிலை எட்டிவிட்டார்.

அவ்வாறாயின் புரூட்டஸ் வெறும் போலியோ? அன்று. போலியின் வீழ்ச்சி துன்பியலாகாது. லசால் என்பவர் ‘பிரான்ஸ் ஃபொன் சிக்கிங்கன்’ என்னும் செய்யுள் நாடகத்தை எழுதி மார்க்சுக்கும் ஏங்கெல்சுக்கும் அனுப்பியபோது, அவர்கள் 1859இல் எழுதிய பதில்கள் துன்பியல் பற்றிய மார்க்சியச் சிந்தனையின் தோற்றுவாய்களுள் அடங்குவன. சிக்கிங்கன் வீழ்ந்தமைக்கு அவனுடைய தந்திரம் காரணமன்று. அழிந்துகொண்டிருந்த வீரமறவர் வகுப்பின் பிரதிநிதியாய் நின்று அவன் நிலவிய ஒழுங்கை எதிர்த்தமையே காரணம் என்பது மார்க்சின் வாதம். பாத்திரங்களைக் கருத்துகளின் ஊதுகுழல்களாக்காது சேக்ஸ்பியரின் வழியிற் படைத்திருத்தல் வேண்டும் எனவும் அவர் அறிவுறுத்தினார்.

இந்நோக்கு புரூட்டசின் வீழ்ச்சியைத் தெளிவாக்குகிறது. அவன் இழைத்த தவறுகளெனப் பாடநூல்கள் பட்டியலிடுபவை பல: சிசரோவைச் சேர்க்க மறுத்தான்; அன்ரனியை உயிரோடு விட்டான்; அவனைப் பேச அனுமதித்தான்; பிலிப்பிக்குப் படை நடத்தினான். இவை தனித்தனித் தவறுகளல்ல. தன் வகுப்பின் நலனை மனிதகுலத்தின் நலனென உண்மையாகவே நம்பிய ஒருவனின் ஒரே மயக்கத்தின் வெவ்வேறு வெளிப்பாடுகள். கொலை வேள்வியாகத் தோன்றவேண்டும் என்ற அவன் விருப்பமும் அம்மயக்கத்தின் பாற்பட்டதே. சீசரிடத்து இதுவரை குற்றமொன்றும் காணவில்லை, முடிசூடின் மாறக்கூடும், ஆதலிற் கொல்லுதல் வேண்டும் எனத் தனிமொழியில் அவன் தன்னைத் தானே நம்பவைக்கிறான். நடந்திராத குற்றத்துக்குத் தண்டனை வழங்கும் இந்த ஏரணம் பிற்கால அரசியலில் எத்தனை முறை மீண்டது என்பதை மாணவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். துரோகி என்னும் சொல் எமது அண்மைக்கால வரலாற்றில் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை அறிந்த எமக்கு, அச்சொல்லை ஆராயாது வழங்கும் உரிமை இல்லை.

6

நாடகத்தின் பிற்கால வாழ்வும் வரலாற்றின் பகுதியே. 1937இல் ஓர்சன் வெல்ஸ் நியூயோர்க்கிலே அக்கால உடையில் இதனை மேடையேற்றி, இத்தாலியப் பாசிசத்தின் சாயலைச் சீசருக்கு அளித்தார். தான்சானியாவின் யூலியஸ் நைரேரே செய்த சுவாகிலி மொழிபெயர்ப்பு 1963இல் வெளியாயிற்று. ரொபன் தீவுச் சிறையிற் கைகள் மாறிய சேக்ஸ்பியர் தொகுப்பில், 1977 டிசெம்பர் 16 என நாளிட்டு நெல்சன் மண்டேலா கையொப்பமிட்டது, மரணத்துக்கு அஞ்சாமை பற்றிச் சீசர் பேசும் பகுதியின் அருகிலேயே.

தமிழிற் பேராசிரியர் சுந்தரம்பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ அமைச்சனின் துரோகத்தைப் பொருளாகக்கொண்ட செய்யுள் நாடகம். அங்கு துரோகம் குடிலன் என்னும் தீயவனின் உள்ளத்தில் தோன்றி, அவன் பிடிபட்டதும் முடிந்துவிடுகிறது. திருமணத்தோடு ஒழுங்கு மீள்கிறது. சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியான ‘மதங்கசூளாமணி’யிற் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இயைத்து நோக்கினார். தனிமனிதத் தீமையாக அன்றி, சமூகமொன்றின் முரண்பாடாகத் துரோகத்தைக் காட்டும் செய்யுள் நாடகத்தைக் கற்பதற்கு இவ்விரு நூல்களும் எம் மாணவர்க்கு நல்ல நுழைவாயில்கள்.

இறுதியாக ஒரு பாத்திரத்தைச் சுட்டி அமைவோம். சீசர் வீழ்ந்ததும் சதிகாரர் சுதந்திரம் என முழங்குகின்றனர். அச்சுதந்திரம் நாடகத்தில் எவருக்கேனும் கிட்டிற்றா? கிட்டிற்று, ஒருவனுக்கு மட்டும். பார்த்தியப் போரிற் சிறைப்பட்டுக் கசியசின் அடிமையான பிண்டாரஸ், தோல்வி நேர்ந்ததெனக் கருதிய தலைவனின் ஆணைப்படி அவனையே வாளாற் குத்தி விடுதலை பெறுகிறான். தான் விரும்பியவாறு வந்த விடுதலையன்று அது என்கிறான். பின்னர், உரோமர் எவரும் தன்னைக் காணவொண்ணாத தொலைவுக்கு ஓடிமறைகிறான். சில வரிகளே பேசும் இவ்வடிமையைப் பரீட்சை வினாக்கள் கேட்பதில்லை. சீசரின் உரோமும் புரூட்டசின் உரோமும் தனக்கு ஒன்றே என்பதை அந்நாடகத்தில் அறிந்தவன் அவனொருவனே. எம் மாணவர் தம் வாசிப்பை அவனிடமிருந்து தொடங்குவராக.